பிஸ்கட் டப்பாவில் பொத்தான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாலுக்குட்டியும் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பா நடக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். அந்த வரியை அதற்கு மேல் எப்படி முடிப்பது என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பயிற்சி முடியும் வரை இரண்டு மாதம் குழந்தையை எங்களிடம் விட டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாயே, இதைக் கடைசி வரி வரை படிக்காமல் எடுக்காதே. எடுத்துவிட்டாய் என்றாலும் படி. போனில் சொல்லக்கூடாதா என்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு, சத்தம் கூடுவதற்காகப் போனை ஒரு காலி டம்ளருக்குள் நிறுத்தி வைத்துவிடுவார், நீ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டம்ளருக்கு நேரே காதை வைத்திருப்பார். அந்தக் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றி என்ன பேச முடியும். மற்ற நேரமெல்லாம் போன் அவர் சட்டைப் பையில். கேட்டால் கொடுப்பார், யாருக்கு என்று கேட்பார், எண்ணை அழுத்தித் தருவார், பக்கத்திலேயே நிற்பார். அதனால் மதியம் அவர் கண் அசரும் ஒரு மணி நேரத்தில், இஸ்திரிப் பலகையைச் சமையலறையில் விரித்து, போன வருடக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத் தேதிகளைப் பார்த்துக் குழம்பாதே.

முதலில் நல்ல சேதிகள். அப்பாவின் கை இன்னும் ஓயவில்லை. துணி ஊற வைக்கும் பக்கெட் விரிசல் விட்டதும் கைப்பிடியைக் கழற்றிக் காய்கறிப் பைக்கு மாட்டிவிட்டார், இப்போது எவ்வளவு கனமாக இருந்தாலும் பை விரலை அறுப்பதில்லை. பக்கெட்டுக்குள் மண் நிரம்பி அது பால்கனியில் உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை தீர்ந்த அட்டைகளை நான் குப்பையில் போட, அவர் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சிட்டிகை மண்ணும் ஒரு விதையும் வைத்தார். பத்து மாத்திரை அட்டையில் ஒன்பது முளை வந்தது. தேய்ந்த பல் பிரஷ்ஷை மெழுகுவத்தியில் காட்டி வளைத்து, குழாய்க்குப் பின்னால் கை போகாத இடத்தைத் தேய்க்க வைத்திருக்கிறார். ஜோடி தொலைந்த சாக்ஸுக்குள் மணலைக் கொட்டிக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கப் போட்டார், பிறகு வாலுக்குட்டி பார்த்தால் சிரிப்பாள் என்று அதற்கு இரண்டு கண் தைக்கச் சொன்னார், தைத்தேன். குளியலறை ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் அத்தையின் முழங்கால் எக்ஸ்ரேதான் இன்னமும். போன மாதம் அத்தை வந்தபோது பார்த்துவிட்டு, ஏண்டா தம்பி, என் காலுக்கு இந்த வீட்டுல இவ்வளவுதான் மரியாதையா என்று கேட்டார். நம்ம வீட்டுலயே நல்லா வெளிச்சம் வர்ற ஜன்னல் அதுதாங்க்கா, எல்லாருக்கும் குடுப்பேனா என்றார் அப்பா. மாடி டீச்சரை உனக்குத் தெரியுமே, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல், அவர் ஒருநாள் வாசலில் நின்று, சார், என்னைத் தூக்கிப் போட்டா என்னவா மாத்துவீங்க என்று வம்புக்கு இழுத்தார். வாயை மட்டும் கழட்டி வச்சுக்குவேன் டீச்சர், காலிங்பெல் ரிப்பேர் என்றார் அப்பா. டீச்சர் படியில் உட்கார்ந்து சிரித்தார். இப்படிப் பேசுகிற மனிதருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

உனக்குத் தெரியும், நம் வீட்டின் பெரிய வேடிக்கை டப்பாக்கள்தான். முப்பத்தோரு வருடம் மருந்துக்கடையில் நின்றவர். பெயர் ஒட்டாத பாட்டில் ஒன்று கடையில் கண்ணில் பட்டால் உள்ளே அமிர்தமே இருந்தாலும் சாக்கடையில் கொட்டிவிடுவார் என்று முதலாளியே சொல்வார். வீட்டில் ஒன்றுக்கும் பெயர் ஒட்ட விட்டதில்லை. நாள் முழுக்க ஒட்டிட்டு வர்றேன், இங்கயும் ஒட்டணுமா, நம்ம வீட்டுல என்ன எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாதா என்பார். தெரிந்துதான் இருந்தது. பிஸ்கட் டப்பாவில் நான் தைக்கும் துணிகளுக்கான பொத்தான். பால்பவுடர் டப்பாவில் உப்பு. காப்பித்தூள் பாட்டிலில் சர்க்கரை. ஷாம்பு பாட்டிலில் தையல் மெஷின் எண்ணெய். கடையிலிருந்து காலியாக வந்த பழுப்பு நிற இருமல் மருந்து பாட்டில்கள் ஐந்தாறு, மூடி இறுக்கமாக இருக்கும், அதனால் ஒன்றில் பினாயில், ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் துணியில் கறை எடுக்கும் மருந்து. நம் மூன்று பேருக்கும் மனப்பாடம். விருந்தாளிகள்தான் மாட்டிக்கொள்வார்கள். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட வாரம் நினைவிருக்கிறதா. பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, திறந்து பார்த்து, ஓவென்று அழுதாய். அதில் பொத்தான் என்று அதுவரை தெரிந்தவள்தான். படிக்கத் தெரிந்த பிறகு ஏமாந்தாய். அப்பா உன்னைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்து, எழுதியிருக்கறதையெல்லாம் நம்பக்கூடாதுடி செல்லம், தெறந்து பாரு, மோந்து பாரு, அப்புறமா நம்பு என்றார்.

இப்போது அவர் எழுதியிருப்பதை நம்புகிறார். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேறெதுவும் நினைவில் நிற்காதபோது எழுத்து மட்டும் அவருக்குப் படிக்க வருகிறது, எழுத்தைப் பார்த்தால் நம்புவது என்பது அவர் கையில் ஊறிய தொழில். ஒரு வருடத்துக்கு முன் ஆரம்பித்தது. ஒருநாள் காலை டீயில் இரண்டு கரண்டி உப்பு. பால்பவுடர் என்று எழுதியிருந்தது, பால்பவுடர் போட்டார். வாயில் வைத்துவிட்டு இருவரும் சிரித்தோம். கண் சரியில்லை என்று கண்ணாடி மாற்றினோம். புதுக் கண்ணாடியில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு மாடி டீச்சர் தன் தோழி ஒருவரை ரவிக்கைக்கு அளவு கொடுக்க அழைத்து வந்தார். நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா டீ போட்டு, தட்டில் பிஸ்கட் வைத்துக் கொண்டு வந்தார். தட்டில் இருந்தது பொத்தான். கொட்டவில்லை, அடுக்கியிருந்தார். பெரியது வெளியே, சின்னது உள்ளே, வட்டமாக. எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க என்றார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்து, சார் எங்களுக்குத் தையல்காரம்மா வீட்டு பிஸ்கட் குடுக்கறார் பாரு என்றார். அப்பாவும் சிரித்தார். ஆனால் ஒரு கணம் கழித்து. அந்த ஒரு கணம் அவர் என் முகத்தைப் பார்த்தார், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்பதுபோல. நான் என்ன செய்தேன் தெரியுமா. நானும் சிரித்தேன். அன்றைக்குப் பிறகு அவர் எதை எடுத்தாலும் என் கண் கூடவே போனது, கண்ணோடு நானும் போனேன், ஆனால் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும். நீ அங்கே இருந்துகொண்டு என்ன செய்வாய், தூக்கம்தான் கெடும். அதை விடப் பெரிய காரணம் உண்டு. சொன்னால் உண்மையாகிவிடும்.

நேற்று அங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் எழுந்து வந்து, என்ன கணக்கு எழுதறே என்றார், துணிக் கணக்கு என்றேன். தாளை இஸ்திரித் துணிக்கு அடியில் வைத்தேன். இன்று மிச்சம்.

ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குரல் கட்டியிருந்தது, ஜலதோஷம் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான் நிஜம். ஜலதோஷம் இருந்தது, மூக்கு அடைத்திருந்தது, நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் ஸ்பூனுமாக வந்தார். நீ அவரைக் கடையில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், பார்த்திருந்தால் அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலை மூன்று தடவை குலுக்கினார். பெயரைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். ஸ்பூனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றினார். பாட்டில் கழுத்தை விரலால் வழித்தார். ரெண்டு ஸ்பூன், சாப்பாட்டுக்கு அப்புறம், வாயைத் தெற என்றார். அவர் எனக்கு மருந்து கொடுத்து எத்தனை வருடம் ஆயிற்று. நான் சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. மூக்கு அடைப்பில் வாசனை தெரியவில்லை. நாக்கு எரிந்த பிறகுதான் தெரிந்தது. பாதியைத் துப்பிவிட்டேன், பாதி தொண்டைக்குள் போய்விட்டது. பினாயில்.

டீச்சர்தான் ஆட்டோ பிடித்து என்னை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். அப்பா பாட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார், கடைக்காரப் புத்தி, நான் என்ன குடித்தேன் என்று கேட்பார்கள் என்று. நான்தான் அவசரத்தில் பார்க்காமல் எடுத்துக் குடித்துவிட்டேன் என்று சொன்னேன். டாக்டரம்மாவுக்குக் கோபம், ஏம்மா, இருமல் மருந்து பாட்டில்ல யாராவது பினாயிலை ஊத்தி வைப்பாங்களா, வீடா இல்ல விளையாட்டா என்று திட்டினார். திட்டட்டும் என்று இருந்தேன். அப்போது அப்பா முன்னால் வந்து, நான்தான் குடுத்தேன் டாக்டர், அளவு சரிதான், மருந்தும் சரிதான், இங்க பாருங்க எழுதியிருக்கு என்று பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு திட்டவில்லை. சாயங்காலம் வரை என்னைப் படுக்க வைத்துவிட்டு அனுப்பினார், நாலு நாள் கழித்து அவரை அழைத்து வரச் சொன்னார். எனக்கு இப்போது ஒன்றுமில்லை, தொண்டைப் புண் ஆறிவிட்டது, பயப்படாதே. அன்று சாயங்காலம் வீடு திரும்பி நான் கட்டிலில் சாய்ந்திருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் உனக்கு என்னத்தைக் குடுத்தேன் என்று கேட்டார். முழுசாகத் தெளிந்த முகம். நம் பழைய அப்பா. மருந்துதான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

நாலு நாள் கழித்துப் போனோம். டாக்டரம்மா ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டி, இது என்னங்கய்யா, இதை வச்சு என்ன செய்வீங்க என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மை இருந்தா எழுதலாம், தீர்ந்துட்டா கூட்டுக்குள்ள ஊசி போட்டு வைக்கலாம், மூடி கிளிப்பு ஜன்னல் கொக்கிக்கு ஆகும், ரீஃபிள் குழாயைச் சீவி எண்ணெய் சொட்டு விடலாம், ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்றாதீங்க, சுவிட்ச் பெட்டிக்கு வேணும் என்று ஒன்பதோ பத்தோ சொன்னார். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்து, எனக்கே இவ்வளவு தெரியாதுங்க என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. பிறகு இது என்ன மாசம் என்று கேட்டார். அப்பா சுவரில் காலண்டரைத் தேடினார். அந்த அறையில் காலண்டர் இல்லை. அதெல்லாம் வீட்டம்மா டிபார்ட்மெண்ட் என்றார். உங்களுக்கு எத்தனை குழந்தை என்றதற்கு ஒன்று என்று சரியாகச் சொன்னார். என்ன வயது என்றதற்கு, அஞ்சு முடியப்போகுது, இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கறா என்றார். வியாதியின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் கூடும், குறையாது என்று மட்டும் புரிந்துகொள்.

பெயர் ஒட்டினால் தீர்ந்தது என்று உனக்குத் தோன்றும். ஒட்டினேன். நாலு மதியம் உட்கார்ந்து வீட்டில் இருக்கிற அத்தனை டப்பாவிலிருந்தும் பழைய பெயர்களைச் சுரண்டினோம். சுரண்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும், அவரும் கூட உட்கார்ந்தார். பேத்தி வருகிறாள், அவளுக்குத் தெரிய வேண்டாமா என்று சொன்னேன், உற்சாகமாகிவிட்டார். வெந்நீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, மொட்டைக் கத்தியால் சுரண்டினால் பசை கூட மிஞ்சாது என்று காட்டிக் கொடுத்தார். அட்டையை மூலை பிசகாமல் வெட்டினார். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார், அவர் கையெழுத்து இன்னும் அச்சுப் போலத்தான் இருக்கிறது. உப்பு. சர்க்கரை. பொத்தான். பினாயில், குடிக்கக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக நம் அலமாரி உண்மை பேசியது. ஒரு வாரம்தான். எட்டாம் நாள் உப்பு என்று எழுதிய டப்பாவில் ஆணி இருந்தது. அந்த டப்பா அகலவாய், ஆணிக்கு நல்லது என்று அவர் கைக்குத் தோன்றியிருக்கிறது, உப்பைக் கொட்டிக் கழுவிக் காயவைத்து ஆணியைப் போட்டுவிட்டார். உப்பு சர்க்கரை பாட்டிலுக்குப் போயிருந்தது. தலை மறந்துவிட்டது, கை மறக்கவில்லை. எதையும் வீணாக்காமல் வேறொன்றாக்குகிற அந்தக் கை காலையில் எழுந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. நான் ஒட்டுகிறேன், அவர் மாற்றுகிறார். ஆபத்தானவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என் கொண்டை ஊசியால் பூட்டைத் திறந்துவிட்டு, இதுக்கெல்லாமா பூட்டு போடுவே என்று பெருமையாகச் சிரித்தார். பினாயிலே வேண்டாம் என்று வாங்குவதை நிறுத்தினேன். ஆனால் ஒரு வீட்டில் எதை எதை நிறுத்துவது. அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த முடியுமா.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் சுற்றிவிட்டுத்தான் வருகிறேன். போன வாரம் வரைக்கும் எனக்கு ஒரு நப்பாசை. நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தால் போதாதா, ஒரு கையில் அவர், ஒரு கையில் குழந்தை, இரண்டு மாதம்தானே என்று. வெள்ளிக்கிழமை துணி தைக்கக் கொடுக்க ஒருத்தி வந்து போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். பேத்திக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன், கண்ணை மூடிக்கோ என்று கையைப் பிடித்து நடுஅறைக்கு அழைத்துப்போனார். ஜன்னலுக்குக் கீழே, ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு மருந்துக்கடை. மூன்று செருப்புப் பெட்டியை அடுக்கி அலமாரி. தீப்பெட்டிகளை ஒட்டி இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் இழுக்க ஒரு பொத்தான். பாட்டில் மூடி இரண்டையும் ஐஸ் குச்சியையும் வைத்துத் தராசு. உடைந்த கைக்கண்ணாடியின் சட்டத்தில் பணம் வாங்கும் ஜன்னல். மேலே பலகை, வாலு மெடிக்கல்ஸ் என்று. அலமாரியில் பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்ன பாட்டில்கள், கண்மருந்து பாட்டில், வாசனை பாட்டில், எல்லாவற்றிலும் நிறம் நிறமாகத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்தில் பெயர். காய்ச்சல் மருந்து. பொம்மைக்கு இருமல் மருந்து. அழுகை மருந்து. கோபம் வந்தால் ஒரு சொட்டு. இவ்வளவு அழகாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அவ குடிக்கற மாதிரி சும்மா வெளையாடலாம், நான்தான் பேஷண்ட் என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். சிவப்பு, வெறும் தண்ணீர். மஞ்சள், வெறும் தண்ணீர். பச்சை, தண்ணீர். நீலம், துணிக்குப் போடும் நீலம். பழுப்பு பாட்டிலில் கறை எடுக்கும் மருந்து. பொம்மைக்கு இருமல் மருந்து என்று எழுதியிருந்தது. தீப்பெட்டி இழுப்பறை ஒன்றில் அவருடைய மாத்திரைகள், ஒரு மாதத்துக்கானவை, ரோஜா நிறம் பார்க்க நன்றாக இருக்கும் என்று வைத்திருக்கிறார். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டார். ரொம்பப் பிடிக்கும் என்றேன். அது பொய் இல்லை. அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான்.

அதனால் குழந்தையை அனுப்பாதே. எழுதிவிட்டேன். ஐந்து வருடமாக அனுப்பு அனுப்பு என்று உன் உயிரை வாங்கியவள், பேத்தியை போட்டோவிலேயே வளர்க்கிறேன் என்று உன்னைக் குத்திக் காட்டியவள், அந்தக் கையால் எழுதுகிறேன், அனுப்பாதே. அன்றைக்கே அந்த பாட்டில்களைக் கொட்டித் தண்ணீர் நிரப்பி வைத்தேன், மறுநாள் ஒன்றில் வேறேதோ. இப்போது தினமும் காலையில் நான் கொட்டுகிறேன், அவர் சாயங்காலம் ஊற்றுகிறார், மருந்து தீந்துபோச்சு, வியாபாரம் நல்லா நடக்குது என்கிறார். கடையைப் பிரித்துப் போட எனக்குக் கை வரவில்லை. நான் குளிக்கப் போகும் நேரம், அடுப்பைப் பார்க்கும் நேரம், யாருக்காவது அளவெடுக்கும் நேரம், இவற்றையெல்லாம் ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். குழந்தைக்கு ஒரு நிமிடம் போதும். அவளுக்கு ஏதாவது ஆனால் என்பது ஒரு பயம். இன்னொன்றும் இருக்கிறது. அவர் தெளிகிற நேரம் இன்னமும் உண்டு. ஆன பிறகு ஒருநாள் சாயங்காலம் தெளிந்த முகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் அவளுக்கு என்னத்தைக் குடுத்தேன் என்று கேட்டால், நான் என்ன சொல்வேன்.

உன் பயிற்சிக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. அது கைவிட்டுப் போனால் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போகும் என்று சொன்னாய். கல்யாணமாகிப் போனதிலிருந்து நீ என்னிடம் கேட்ட ஒரே உதவி இது. அதற்கு முடியாது என்கிறேன். நீ என்மேல் கோபப்பட்டால் நியாயம், படு, மனதில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் மட்டும் இருக்காதே. உடனே கிளம்பி வருகிறேன் என்றும் நிற்காதே, பயிற்சியை எப்படியாவது முடித்துவிட்டு ஒரு வாரம் தனியாக வா, அவர் உன்னைத் தெரிந்துகொள்கிற காலத்திலேயே வா. எங்களை அங்கே கூட்டிக்கொள்ளவும் யோசிக்காதே, இந்த வீட்டில் அவர் கை இருட்டில்கூட சுவிட்சுக்கு நேராகப் போகிறது, புது வீட்டில் அதுவும் போய்விடும். குழந்தைக்குத் தைத்த இரண்டு கவுனையும் பார்சலில் அனுப்புகிறேன், அடுத்த வருடம் வரை வைத்திருந்தால் கை ஏறாது. உன் வீட்டிலும் காலி பாட்டிலைத் தூக்கிப் போட உனக்கு மனசு வராது என்று தெரியும், அப்பா ரத்தம். வைத்துக்கொள், பூவைச் சொருகு, பென்சில் போடு, எது வேண்டுமானாலும் செய், பழைய பெயரைச் சுரண்டிவிட்டுச் செய். இருமல் மருந்து பாட்டிலை மட்டும் உடைத்துப் போட்டுவிடு.

இன்னும் ஒரு வேலை உனக்கு. அனுப்பவில்லை என்று அவரிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நான் தடுத்தேன் என்று கண்டுபிடித்துவிடுவார். ஸ்கூலில் லீவு தரவில்லை என்று சொல். அஞ்சு வயசுல என்ன டாக்டருக்கா படிக்கறா என்று கத்துவார். கத்தட்டும். உன் குரல் உடையக் கூடாது, டம்ளருக்குள் எல்லாம் கேட்கும். இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, குட்டி எப்ப வர்றா, கூப்பிட நான் வரணுமா என்று கேட்பார். போன வாரமே சொன்னேனேப்பா என்று சொல்லிவிடாதே. முதல் தடவை சொல்வதுபோல் மெதுவாகச் சொல். அதற்கடுத்த வாரமும் கேட்பார், அப்போதும் அப்படியே. நீ ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வாய், அவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக வருத்தப்படுவார். அந்த வருத்தத்தை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு, அவர் பொறுமைசாலி, வழி சொல்வார். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி அண்டாமல் நெடுநாள் இருக்க வேண்டும், குழந்தை நன்றாக வளர்ந்து நல்ல மனதோடு இருக்க வேண்டும், என் ஆசி மூன்று பேருக்கும். அவள் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம், அப்பாவுக்காக ஒன்று. ஈரத் தலையோடு படுக்காதே.

கடிதம் வந்து சேர்ந்ததைப் போனில் சொல்லாதே. அங்கே மழை என்று சொல். வெயில் கொளுத்தினாலும் மழை என்றே சொல். நான், நனையாம போ என்பேன். அதற்கு நீ சரிம்மா என்று மட்டும் சொன்னால் போதும்.

உன்
அம்மா